'சார்ஜ்' வரும் இடமெல்லாம்: மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்க வருகிறவர்களுக்கு முதல் வாரம் நான் கொடுக்கும் பயிற்சி ஒரே ஒரு சொல்: சார்ஜ். காலையில் போனுக்கு சார்ஜ் போட்டு, ஆட்டோவுக்கு சார்ஜ் கொடுத்து, ஆபீசில் இன்சார்ஜிடம் கையெழுத்து வாங்கி, ராத்திரி செய்தியில் லத்தி சார்ஜ் பார்க்கிறவர்கள்தான் எல்லோரும். வழுக்குவதற்கும் அதுவே காரணம். தெரியாத சொல்லுக்கு அகராதியைத் திறப்பார்கள். தெரிந்த சொல்லுக்குத் திறக்கவே மாட்டார்கள்.

நானும் வழுக்கியவன்தான். திருட்டு வழக்கை விசாரித்த அதிகாரியையே திருடனாக்கி ஒரு பத்தி எழுதிக்கொடுத்தேன். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பு பார்த்தவர் பிடித்தார், அதனால் பிழைத்தேன். அது எப்படி நடந்தது என்று 4ஆம் படியில் சொல்கிறேன்.

படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதல் 4 படிகளும் எல்லா ஆவணத்துக்கும் உரியவை. 5 முதல் 10 வரை உங்களுக்கு எது வருகிறதோ அதைப் பார்த்தால் போதும். 11உம் 12உம் மறுபடி எல்லோருக்கும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழு ஆவணம். ஒற்றை வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதுக்குத் தமிழ் என்ன?" என்று கேட்பவருக்கு, இந்தச் சொல்லைப் பொறுத்தவரை நான் பதில் சொல்வதில்லை. 'நோ சார்ஜ்' என்ற இரண்டு சொல்லுக்கு இலவசம், குற்றச்சாட்டு இல்லை, பேட்டரி காலி என்று மூன்று பொருளும் பொருந்தும்.

எந்த நாட்டு ஆங்கிலம் என்ற தகவல். வழக்குச் செய்தியில் இந்திய 'சார்ஜ்' வேறு, பிரிட்டன் 'சார்ஜ்' வேறு. யாருக்கான தமிழ் என்பதும் தெரிய வேண்டும். இயற்பியல் பாடம் என்றால் மதுரைப் பிள்ளைக்கு ஒரு சொல், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வேறு சொல்.

வாடிக்கையாளர் இதற்கு முன் வெளியிட்ட தமிழ். வங்கி, மின்வாரியம், காப்பீட்டு நிறுவனம் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஊன்றிப்போன சொற்கள் உண்டு. நீங்கள் கண்டுபிடிக்கும் அழகான சொல்லைவிட, வாசகர் போன மாத ரசீதில் பார்த்த சொல் மேல்.

அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியமும், அரசுக் கடிதங்களுக்குத் தமிழக அரசின் ஆட்சிச்சொல் அகராதியும் போதும். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டு மூடிவிடுவதுதான் புதியவர் வழக்கம். பதிவின் கடைசி வரிவரை படியுங்கள். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் நடுவில் எங்கோ கிடக்கும்.

2. எல்லா 'சார்ஜ்'களையும் முதலில் எண்ணி, வகை குறியுங்கள்

பெயர்க்கத் தொடங்கும் முன்பே தேடல் பெட்டியில் சொல்லைப் போட்டு எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்து குறியுங்கள்: பணம் என்றால் 'ப', வழக்கு 'வ', பொறுப்பு 'பொ', மின்சாரம் 'மி', சொத்து 'சொ', பாய்ச்சல் 'பா'.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? ஒரே ஆவணத்தில் இந்தச் சொல் பல வேஷம் போடும். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுங்கள். மின்கட்டணம் ஒரு பக்கம், தேய்மானம் இன்னொரு பக்கம், வங்கிக் கடனுக்கு ஈடாக வைத்த சொத்து மூன்றாவது பக்கம், புதிதாகப் பொறுப்பேற்ற இயக்குநர் நான்காவது பக்கம். நான்கிலும் சார்ஜ். முதல் பக்கத்தில் 'கட்டணம்' என்று எழுதிய கை, நான்காம் பக்கத்திலும் தன்னாலே அதையே எழுதும்.

ஒட்டுமொத்தமாக மாற்றும் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, முதலில் எல்லா இடத்திலும் 'சார்ஜ்' என்றே எழுதிவைத்து, கடைசியில் ஒரே சொடுக்கில் அனைத்தையும் 'கட்டணம்' ஆக்கினார். மருத்துவமனைக் கையேடு அது. "நோயாளி டிஸ்கட்டணம் ஆகும்போது" என்று வந்து நின்றது.

3. எது, எதன் மேல் ஏறுகிறது என்று கேளுங்கள்

சொல்லின் வரலாறு நமக்கு வேண்டாம். ஆனால் ஒரே ஒரு துளி உதவும். வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த லத்தீன் வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சார்ஜ் என்பதன் அடிக்கருத்து 'ஏற்று', 'சுமத்து'. கார், கார்கோ இரண்டும் இதன் உறவுதான்.

தமிழிலும் இதே பழக்கம் இருப்பது நம் அதிர்ஷ்டம். குற்றம் சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம், பேட்டரியில் மின்னேற்றுகிறோம், பில்லில் ஏற்றிவிடுகிறோம். ஆகவே வாக்கியம் குழப்பினால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஏற்றுகிறவர் யார்? ஏறுவது என்ன? எதன் மேல்?

கடைக்காரர், பணம், வாங்குபவர் மேல் என்றால் கட்டணம். அரசுத் தரப்பு, குற்றம், ஓர் ஆள் மேல் என்றால் குற்றச்சாட்டு. மேலதிகாரி, வேலை, கீழே உள்ளவர் மேல் என்றால் பொறுப்பு. கடன் கொடுத்தவர், உரிமை, நிலத்தின் மேல் என்றால் சொத்துப் பொறுப்பு. இந்த மூன்று கேள்விக்கும் விடை வராத ஒரே வகை பாய்ந்து தாக்குவது. அங்கே யாரும் எதையும் ஏற்றுவதில்லை. விடை வரவில்லை என்பதே அடையாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. பின்னால் ஒட்டும் சிறு சொல்லைப் பாருங்கள்

வகை குறித்த பிறகு சரிபார்க்கும் படி இது. ஆங்கிலத்தில் சார்ஜ் தனியாக வருவது குறைவு. பின்னால் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு வரும், பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

'ஃபார்' வந்தால் பணம். 'டு' வந்தால் கணக்கில் எழுதுவது. 'அட்' வந்தால் பாய்வது. 'ஆன்' அல்லது 'அப்பான்' வந்தால் பெரும்பாலும் சொத்து அல்லது நிதியின் மேல் ஏற்றுவது. முன்னால் 'இன்' வந்தால் பொறுப்பு.

வம்பு 'வித்'தில்தான். 'சார்ஜ்டு வித் தெஃப்ட்' என்றால் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர். 'சார்ஜ்டு வித் இன்வெஸ்டிகேட்டிங் தெஃப்ட்' என்றால் திருட்டை விசாரிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டவர். நடுவில் ஒரே ஒரு சொல் கூடுதல். நான் கவிழ்ந்த இடம் இதுதான். கண் முதல் இரண்டு சொல்லையும் கடைசிச் சொல்லையும் பிடித்துக்கொண்டது, நடுச்சொல்லைத் தாண்டிவிட்டது.

காப்பாற்றும் வழி எளிது. 'வித்'துக்குப் பின் வருவது செய்யக்கூடாத செயலா, செய்ய வேண்டிய வேலையா என்று பாருங்கள். கொலை, மோசடி, திருட்டு என்றால் குற்றச்சாட்டு. விசாரித்தல், பராமரித்தல், மேற்பார்வையிடுதல் என்றால் பணி. ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளில் இடம் மிச்சம்பிடிக்கச் சொற்களை உதிர்த்துவிடுவார்கள், அதனால் தலைப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே 2 பத்தி படித்துவிட்டுத் தலைப்புக்கு வாருங்கள்.

5. பணம் என்றால்: 'கட்டணம்' ஒன்றே போதாது

புதியவர்கள் பணத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் 'கட்டணம்' போடுவார்கள். தமிழில் யார் யாருக்கு எதற்காகக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

தையல்காரருக்குக் கொடுப்பது தையல் கூலி. நகைக்கடையில் 'மேக்கிங் சார்ஜ்' என்றால் செய்கூலி. பக்கத்து வரியில் சேதாரம் இருக்கும், இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். மூட்டை இறக்குபவருக்கு இறக்குகூலி. பாத்திரக் கடையில் அண்டா எடுத்தால் வாடகை. வங்கி பிடித்துக்கொள்வதும், அரசு அலுவலகத்தில் கட்டுவதும், டெலிவரிக்குத் தருவதும் கட்டணம். உழைப்புக்கு நேராகக் கொடுப்பது கூலி, அமைப்புக்குக் கட்டுவது கட்டணம் என்று பிரித்தால் பத்தில் எட்டு சரியாக வரும். 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்பதற்கு 'கட்டணத்திலிருந்து விடுதலை' என்று யாரோ எழுதியதையும் பார்த்திருக்கிறேன். இலவசம், அவ்வளவுதான்.

'சார்ஜ் இட் டு மை அக்கவுன்ட்' என்றால் 'என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்'. மளிகைக் கடையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வாக்கியம் இது, புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இப்போது இந்தப் படியின் பெரிய குழி. வணிகச் செய்தியில் ஒரு நிறுவனம் 200 கோடி ரூபாய் 'சார்ஜ் எடுத்தது' என்று வரும். புதியவர் எழுதுவது: "நிறுவனம் 200 கோடி ரூபாய் கட்டணம் வசூலித்தது." நடந்ததோ நேர் எதிர். தொழிற்சாலையை மூடியதாலோ, வாங்கிய சொத்தின் மதிப்பு சரிந்ததாலோ, அந்தத் தொகையைச் செலவாக அல்லது இழப்பாகக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். நஷ்டத்தை வருமானமாக்கினால் அதை நம்பிப் பங்கு வாங்குபவர் நிலை என்ன? 'டேக்', 'ரைட்-ஆஃப்', 'ஒன்-டைம்', 'இம்பேர்மென்ட்' (மதிப்புச் சரிவு) இவற்றில் ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தால் கட்டணம் என்று எழுதாதீர்கள். 'இழப்பாகக் கணக்கெழுதியது' என்று எழுதுங்கள். அதே போல 'டிப்ரிசியேஷன் சார்ஜ்' தேய்மானச் செலவு. யாரிடமும் வசூலிப்பதில்லை, யாருக்கும் கட்டுவதும் இல்லை.

6. வழக்கு என்றால்: எந்தக் கட்டம் என்று பாருங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. இங்கே தவறு செய்தால் ஓர் ஆளின் பெயர் கெடும்.

இந்தியாவில் வரிசை இப்படி: முதலில் முதல் தகவல் அறிக்கை. பிறகு காவல் துறை விசாரணை. கைது நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். விசாரணை முடிந்து காவல் துறை நீதிமன்றத்தில் கொடுப்பது குற்றப்பத்திரிகை. அதைப் பார்த்த நீதிமன்றம் இன்னின்ன பிரிவில் விசாரணை நடக்கும் என்று குற்றச்சாட்டுகளை முடிவு செய்து, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் படித்துக்காட்டுவது இன்னொரு கட்டம். சட்டத் தமிழில் இதைக் குற்றச்சாட்டு வனைதல் என்பார்கள், நாளிதழில் 'குற்றச்சாட்டு பதிவு' என்று வரும். அதற்குப் பிறகுதான் சாட்சி விசாரணை.

குற்றப்பத்திரிகையையும் குற்றச்சாட்டு வனைவதையும் புதியவர்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டிலும் சார்ஜ் இருப்பதால் வரும் குழப்பம். முதலாவது காவல் துறை செய்வது, இரண்டாவது நீதிமன்றம் செய்வது. யார் எழுவாய் என்று பார்த்தாலே பிரிந்துவிடும்: போலீஸ் 'ஃபைல்' செய்யும், கோர்ட் 'ஃப்ரேம்' செய்யும்.

இதில் நாளும் முக்கியம். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், காவலில் இருப்பவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். குற்றப்பத்திரிகை என்ற இடத்தில் 'குற்றச்சாட்டு பதிவு' என்று எழுதினால் அந்த வாதமே புரியாமல் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால், பிரிவு எண்களைப் பழைய நினைவில் எழுதாதீர்கள். ஆங்கில மூலத்தில் உள்ளதை அப்படியே வையுங்கள்.

பிரிட்டன் செய்தியில் 'போலீஸ் சார்ஜ்டு எ மேன்' என்று வரும். அங்கே காவல் துறையோ அரசு வழக்குத் தொடரும் அமைப்போ முறைப்படி குற்றம் சாட்டிவிட்டது என்று பொருள். அதற்கு நம் ஊர்க் 'குற்றப்பத்திரிகை தாக்கல்' என்று போட்டால் இல்லாத ஒரு கட்டத்தைப் புகுத்தியதாகிவிடும். 'முறைப்படி குற்றம் சாட்டப்பட்டது' என்று வெறுமனே எழுதுங்கள், போதும்.

எந்த நாடானாலும் 'சார்ஜ்டு' என்பதற்குக் 'குற்றவாளி' என்று எழுதக் கூடாது. தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். இடம் போதவில்லை என்று தலைப்பில் சுருக்கி எழுதுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

அரசு அலுவலகங்களில் நீதிமன்றமே இல்லாத ஒரு வகை உண்டு. 'சார்ஜ் மெமோ' என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. தமிழக அரசு ஊழியர்கள் "அவருக்கு 17பி கொடுத்துட்டாங்க" என்று பேசிக்கொள்வது இதைத்தான். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைக்கு, 17(பி) பெருந்தண்டனைக்கு. இது துறை நடவடிக்கை மட்டும். 'வழக்குப் பதிவு' என்று எழுதினால் அந்த ஊழியர் ஜெயிலுக்குப் போகிறார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

7. பொறுப்பு என்றால்: யார் யாருடைய பொறுப்பில்?

'இன் சார்ஜ் ஆஃப்' என்பதற்கும் 'இன் த சார்ஜ் ஆஃப்' என்பதற்கும் நடுவில் ஒரு 'த' மட்டும்தான் வேறுபாடு. ஆனால் எழுவாயாக வருபவரின் நிலை தலைகீழாகும். நர்ஸ் குழந்தைக்கு 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் குழந்தையை நர்ஸ் பார்த்துக்கொள்கிறார். குழந்தை நர்ஸுக்கு 'இன் த சார்ஜ் ஆஃப்' என்றாலும் பார்த்துக்கொள்பவர் நர்ஸ்தான். குழந்தை அவர் பொறுப்பில் இருக்கிறது. 'த' வந்தால் எழுவாய் பார்த்துக்கொள்ளப்படுகிறவர் என்று மனதில் எழுதிவையுங்கள்.

பன்மையில் வரும்போது இன்னொரு வேடிக்கை. 'ஆயா அண்ட் ஹெர் சார்ஜஸ்' என்று ஒரு கதையில் வந்தது. பயிற்சிக்கு வந்த ஒருவர் எழுதியது: "ஆயாவும் அவளது கட்டணங்களும் பூங்காவுக்குப் போயின." நான் கேட்டேன், "தம்பி, கட்டணம் எப்படிப்பா பூங்காவுக்கு நடந்து போகும்?" அவர் சொன்னார், "அண்ணே, ஆயா பையில எடுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்." அந்தச் சார்ஜஸ், ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள். ஆசிரியருக்கு மாணவர், காப்பாளருக்கு விடுதிப் பிள்ளைகள், பயிற்றுநருக்கு வீரர்கள். தமிழில் ஆளைச் சொல்லிவிடுவதே நல்லது: "ஆயாவும் பிள்ளைகளும்."

அலுவலகத் தமிழில் அடைப்புக்குறிக்குள் வரும் 'பொறுப்பு' என்பதைக் கவனியுங்கள். 'முதன்மைக் கல்வி அலுவலர் (பொறுப்பு)' என்றால் நிரந்தரமாக நியமிக்கப்பட்டவர் இல்லை, தற்காலிகமாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொள்கிறவர். ஆகவே 'த டாக்டர் இன் சார்ஜ் ஆஃப் த வார்டு' என்பதற்கு 'மருத்துவர் (பொறுப்பு)' என்று எழுதினால் அவர் ஏதோ இடைக்கால ஆள் போல ஆகிவிடும். 'வார்டுக்குப் பொறுப்பான மருத்துவர்' என்று விரித்து எழுதுங்கள். 'டேக்கிங் சார்ஜ்' பொறுப்பேற்பு, 'அடிஷனல் சார்ஜ்' கூடுதல் பொறுப்பு. தூதரகச் செய்தியில் வரும் 'சார்ஜ் டி அஃபேர்' பொறுப்புத் தூதர். அதுவும் இதே குடும்பம்.

8. மின்சாரம் என்றால்: பண்பா, செயலா?

"எலக்ட்ரான் எதிர்மறை மின் கட்டணம் கொண்டது" என்று ஒரு வரைவில் பார்த்தேன். எலக்ட்ரானுக்கு யார் பில் போட்டார்களோ.

பொருளின் பண்பைச் சொல்லும் சார்ஜ், தமிழகப் பாடநூலில் மின்னூட்டம்: நேர் மின்னூட்டம், எதிர் மின்னூட்டம். இலங்கைப் பாடநூலில் மின்னேற்றம்: நேர் ஏற்றம், மறை ஏற்றம். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மாணவருக்கு இரண்டும் இரண்டு பொருளாகத் தெரியும்.

பேட்டரியில் ஏற்றுவது செயல். அதை மின்னேற்றுவது, சார்ஜ் செய்வது, சார்ஜ் ஏற்றுவது என்று இடத்துக்கு ஏற்ப எழுதலாம். 'மின்சாரம்' என்று மட்டும் எழுதக் கூடாது. மின்சாரம் ஓடுவது, மின்னூட்டம் இருப்பது. 5,000 மில்லி ஆம்பியர் மணி என்று போன் அட்டையில் போட்டிருப்பது மின்னூட்ட அளவுதான். 5 ஆம்பியரை 3,600 விநாடியால் பெருக்கினால் 18,000 கூலூம், அதாவது மின்னூட்டத்தின் அலகு. இதை 'மின்சக்தி' என்று எழுதிவிட்டால் ஆற்றலை அளக்கும் வாட்-மணியோடு குழம்பிப்போகும்.

ஏசி மெக்கானிக் சொல்லும் 'கேஸ் சார்ஜ்' மின்சாரத்தோடு சேராது. அங்கே ஏறுவது வாயு. "கேஸ் ஏத்தணும் சார்" என்று அவரே சரியான தமிழைச் சொல்லிவிடுவார்.

9. சொத்தின் மேல் என்றால்: 'அடமானம்' என்று எழுதாதீர்கள்

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 100. ஒருவருடைய அசையாச் சொத்து இன்னொருவருக்கு வர வேண்டிய பணத்துக்கு ஈடாக்கப்பட்டு, அந்த ஏற்பாடு அடமானம் ஆகாதிருந்தால், அது சார்ஜ். வரையறையிலேயே 'அடமானம் ஆகாதது' என்று இருக்கும்போது அடமானம் என்று பெயர்த்தால் எப்படி? 'சொத்தின் மேலான பொறுப்பு' என்று எழுதலாம். முதல் முறை வரும் இடத்தில் 'பணத்துக்கு ஈடாக' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 7ஆம் படிப் பொறுப்போடு மயங்கும்.

கம்பெனி விஷயத்தில் கதை மாறுகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் சார்ஜ் என்பது அடமானத்தையும் உள்ளடக்கியது. கம்பெனி தன் சொத்தை ஈடாக வைத்தால் 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். 'ரெஜிஸ்ட்ரேஷன் ஆஃப் சார்ஜ்' என்பது இந்த ஈட்டுப் பதிவு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டும் 'ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜ்' பதிவுக் கட்டணம். நடுவில் ஓர் 'ஆஃப்' இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு இரட்டையர் 'ஃபிக்ஸட் சார்ஜ்'. மின் பட்டியலில் வந்தால் நிலைக் கட்டணம்: எத்தனை யூனிட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டுவது. கடன் பத்திரத்தில் வந்தால் குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தின் மேலோ கட்டடத்தின் மேலோ உள்ள ஈட்டுரிமை. அதற்கு ஜோடியான 'ஃப்ளோட்டிங் சார்ஜ்' கிடங்கில் நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும் சரக்கின் மேல் பொதுவாக இருப்பது. 'மிதக்கும் கட்டணம்' என்று எழுதியவர் படகுத்துறைக் கட்டணம் என்று நினைத்திருப்பார் போல.

பட்ஜெட் ஆவணத்தில் 'சார்ஜ்டு எக்ஸ்பெண்டிச்சர்' வரும். குடியரசுத் தலைவர் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஊதியம், அரசுக் கடனுக்கான வட்டி போன்றவை தொகுப்பு நிதியின் மேல் நேராகச் சுமத்தப்பட்ட செலவு. அரசமைப்பின் 112, 113ஆம் உறுப்புகளின்படி நாடாளுமன்றம் இவற்றை விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. 'கட்டணச் செலவு' என்று எழுதினால் இந்த வேறுபாடு காணாமல் போகும்.

10. பாய்ச்சல், வெடி, உணர்ச்சி

இவை எளிது, வேகமாகக் கடந்துவிடலாம். லத்தி சார்ஜ் தடியடி. குதிரைப்படை சார்ஜ் என்றால் பாய்ந்து தாக்கியது. பேட்ஸ்மேன் சார்ஜ் செய்தால் இறங்கி வந்து அடித்தார். யானை சார்ஜ் செய்தால் துரத்தி வந்தது. 'மாக் சார்ஜ்' என்றால் மிரட்டுவதற்காகச் சிறிது தூரம் ஓடி வந்து நின்றுவிடுவது. அதைத் 'தாக்கியது' என்று எழுதினால் பாவம், யானைக்குக் கெட்ட பெயர்.

கல்குவாரியில் குழிக்குள் போடும் சார்ஜ் வெடிமருந்து. கடலுக்குள் நீர்மூழ்கியை நோக்கிப் போடும் 'டெப்த் சார்ஜ்' ஆழ்கடல் வெடி. 'சார்ஜ்டு அட்மாஸ்ஃபியர்' பதற்றமான சூழல். 'மின்னூட்டப்பட்ட சூழ்நிலை' என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

11. முன்னொட்டு வந்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து

'டிஸ்' ஒட்டினால் எல்லாவற்றுக்கும் 'வெளியேற்றம்' போடுவது பழக்கமாகிவிட்டது. நோயாளி என்றால் வீடு திரும்பினார். பேட்டரி என்றால் சார்ஜ் இறங்கியது. அணை என்றால் நீர் திறப்பு, விநாடிக்கு இத்தனை கன அடி. புண் என்றால் சீழ் வடிகிறது. வழக்கு என்றால் சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிப்பு. விசாரணை முழுதும் நடந்து தீர்ப்பில் கிடைப்பது விடுதலை, அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் உண்டு. விடுவிப்பு, விடுதலை இரண்டையும் மாற்றி எழுதினால் 6ஆம் படியில் பட்ட பாடெல்லாம் வீண்.

'ரீ' ஒட்டினால் போனுக்கு ரீசார்ஜ்தான், வேறு எதுவும் எழுதாதீர்கள். ஆனால் நிலத்தடி நீருக்கு அது செறிவூட்டல். மழைநீர் சேகரிப்புக் கையேட்டில் 'நிலத்தடி நீரை ரீசார்ஜ் செய்யுங்கள்' என்று வந்தால் விவசாயி எந்தக் கடைக்குப் போவார்?

'ஓவர்' இரண்டு பக்கமும் போகும்: ஆட்டோக்காரர் என்றால் கூடுதலாகக் கேட்பது, பேட்டரி என்றால் அளவுக்கு மீறி ஏற்றுவது. 'சர்' ஒட்டினால் மேல்வரி அல்லது கூடுதல் கட்டணம். ஆவணத்தில் வரி பற்றிப் பேசுகிறார்களா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

12. கடைசிச் சோதனை

ஆங்கில மூலத்தை மூடிவிட்டுத் தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். கட்டணம் நடந்து போகிறதா, எலக்ட்ரானுக்கு பில் வருகிறதா, விசாரணை அதிகாரி கைதாகிறாரா என்று காதே சொல்லிவிடும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் ஆங்கிலம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், தவறு கேட்காது.

பிறகு 2ஆம் படியில் குறித்த பட்டியலை எடுத்து ஒவ்வொன்றையும் தமிழோடு ஒப்பிடுங்கள். 31 இடம் குறித்திருந்தால் 31 இடமும் பார்க்க வேண்டும். விட்டுப்போவது பெரும்பாலும் அட்டவணைத் தலைப்பிலும் அடிக்குறிப்பிலும்தான்.

எங்கெல்லாம் 'சார்ஜ்' என்றே விடலாம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கதையில் பாத்திரம் பேசும்போது "போன்ல சார்ஜ் இல்லடா" என்பதை மாற்றவே கூடாது. செயலியின் பொத்தானில் 'சார்ஜ் ஆகிறது' என்பது 'மின்னேற்றம் நிகழ்கிறது' என்பதைவிடச் சிறிது, வாசகருக்கும் பழக்கம். சட்ட ஆவணத்தில் மட்டும் அப்படியே விடாதீர்கள். அங்கே ஒவ்வொரு சார்ஜுக்கும் தனித்தனித் தமிழ் வேண்டும். ஐயம் தீராத இடத்தில் அந்த வரியை மஞ்சளில் குறித்து, நீங்கள் நினைக்கும் இரண்டு பொருளையும் எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். "இது ஈடா, கட்டணமா?" என்று ஒரு வரி கேட்டால் போதும், அவரே சொல்லிவிடுவார்.